மணிக்கூட்டின் அகமும் முகமும்: கிரென்சன் நகர்ப் பொறித் தொழிலின் வரலாறு

கையிற் கட்டிய மணிக்கூட்டை நோக்குவோர் முதலிற் காண்பது அதன் முகப்பையே. முகப்பில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயருக்கு உரியோரே அதனை ஆக்கியோர் எனக் கொள்வது உலக இயல்பு. ஆயின், பின்மூடியைக் கழற்றி உள்ளே நோக்குமிடத்து, பல மணிக்கூடுகளின் அகத்தே முகப்பிலுள்ள பெயருக்குச் சிறிதும் தொடர்பில்லாத வேறொரு குறி காணப்படுதல் உண்டு. வெவ்வேறு பெயர்களைத் தாங்கி, வெவ்வேறு விலைகளுக்கு விற்கப்படும் மணிக்கூடுகள் பலவற்றின் உள்ளே ஓடுவது ஒரே வகைப் பொறியாயிருத்தலும் உண்டு.

அவ்வாறு பலருக்கும் பொறி செய்து வழங்கிய தொழிற்சாலைகளுள் தலையாயது சுவிற்சர்லாந்தின் கிரென்சன் நகரிலுள்ள 'எற்றா' என்னும் நிறுவனம். மணிக்கூட்டு வணிகர்க்கும் பழுது திருத்துவோர்க்கும் நன்கு அறிமுகமான இப்பெயரை, அதன் பொறியைக் கையிற் கட்டியிருப்போர் பெரும்பாலார் கேள்வியுற்றிலர். இந்நிறுவனத்தின் வரலாறு ஒரு தொழிற்சாலையின் வரலாறு மட்டுமன்று. ஒரு நாட்டின் தொழில் முழுவதும் தனக்கு இன்றியமையாத உறுப்பினை ஓரிடத்திலேயே பெற்றுக்கொள்ளுமாயின், அது வலிமையா, நலிவா என்னும் வினாவும் இவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது.

இயக்கப்பொறி என்பது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். பொறியால் இயங்கும் மணிக்கூட்டில் மின்கலம் இல்லை. உருளை வடிவான சிறு பெட்டகத்துள் சுருட்டி அடக்கப்பட்ட உருக்கு வில் ஒன்றே அதன் ஆற்றல் முழுவதற்கும் ஊற்றாகும். வில் தளருந்தோறும் பற்சில்லுத் தொடர் சுழலும். தடையின்றிச் சுழல விடின் வில் விரைவில் முற்றாக அவிழ்ந்துவிடும். ஆகவே அவ்வாற்றலைச் சிறிது சிறிதாக, ஒரே அளவாக விடுவிக்கும் அமைப்பொன்று வேண்டப்படுகின்றது. சமநிலைச் சில்லும், அதனோடு பிணைந்த மயிரிழை போன்ற சுருள்வில்லும் இப்பணியைச் செய்கின்றன. சமநிலைச் சில்லு இருபுறமும் மாறி மாறி அசைகின்றது. ஒவ்வோர் அசைவிலும் பற்சில்லுத் தொடர் ஒரு சிற்றளவே முன்செல்ல இடம் பெறுகின்றது. காதருகே வைத்தாற் கேட்கும் ஒலி இவ்விடுவிப்பின் ஒலியேயாகும்.

எற்றாவின் பெயர்பெற்ற பொறிகளிற் சமநிலைச் சில்லு மணி ஒன்றுக்கு 28,800 முறை அசைகின்றது. அஃதாவது நொடிக்கு எட்டு முறை. ஒரு நாளில் இது 691,200 அசைவாகும். ஒரு நாளுக்குரிய நொடிகள் 86,400. எனவே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது நொடி பிழைக்கும் மணிக்கூடு பதினாயிரத்தில் ஒரு பங்கே பிழைக்கின்றது. அங்காடியில் நெல் அளப்போரிடத்தும் துணி அளப்போரிடத்தும் இத்தகைய நுட்பத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மணிக்கூட்டிலோ ஒன்பது நொடி பிழைப்பின் குறை கூறுகின்றோம். இந்நுட்பத்தை ஒரு பொறியில் எய்துதல் கைவல்லுநர்க்கு இயலும். ஆயிரக்கணக்கான பொறிகளில், ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்கும் பொருந்துமாறு எய்துவதற்கோ தொழிற்சாலையும், அரிய கருவிகளும், பெருமுதலும் வேண்டும். பொறி செய்வோர் சிலராயும், அதனைக் கூட்டில் வைத்து விற்போர் பலராயும் இருப்பதற்குரிய காரணம் இதுவே.

இத்தொழிலில் வழங்கும் 'எபோசு' என்னும் சொல் ஈண்டு விளக்கற்பாலது. பிரெஞ்சு மொழியில் அது முற்றுப்பெறாத உருவரையைக் குறிக்கும். மணிக்கூட்டுத் தொழிலில், அடித்தகடும், அதன்மேற் பொருந்தும் பாலங்களும், பற்சில்லுகளும், சாவி கொடுக்கும் உறுப்புகளும் கொண்ட முற்றுப்பெறாப் பொறிக்கு அது பெயராயிற்று. அதனை விலைக்கு வாங்குவோர், முதன்மை வில், சமநிலைச் சில்லு, மயிர்ச்சுருள் முதலியவற்றை வேறு சிறப்புத் தொழிலாளரிடம் பெற்று, அனைத்தையும் கோத்துச் சீர்செய்து, முகப்பும் முட்களும் கூடும் அமைத்துத் தம் பெயரைப் பொறித்து விற்பர். இவ்வாறு தொழில் பலராற் பகிரப்பட்டமையே சுவிற்சர்லாந்து மணிக்கூட்டுத் தொழிலின் தனி இயல்பு.

இவ்வியல்பு யூரா மலைத்தொடரில் வேரூன்றியது. நீண்ட குளிர்காலத்தில் வயல்வேலை ஓய்ந்திருக்கும். அக்காலத்தில் மலைநாட்டுக் குடியானவர் தம் வீட்டுச் சாளரத்தின் அருகே மேசையிட்டு மணிக்கூட்டின் உறுப்புகளைச் செய்தனர். ஒருவர் பற்சில்லு வெட்டுவார். மற்றொருவர் திருகாணி செய்வார். வணிகரொருவர் இவற்றைத் திரட்டிக் கோக்கச் செய்வார். 1793 ஆம் ஆண்டில் நூசாத்தெல் பகுதியிலே தோன்றிய பொந்தேன்மெலோன் நிறுவனம் எபோசு செய்தலையே தொழிலாகக் கொண்ட மிகப் பழைய தொழிலகமாகக் கருதப்படுகின்றது. வீடுதோறும் சிதறிக் கிடந்த தொழிலின் ஒரு பகுதி ஒரு கூரையின் கீழ் வந்தமை இதனாற் பெறப்படும்.

கிரென்சன், யூரா மலையின் தென்னடிவாரத்தில், சொலொதூர்ன் மாநிலத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது வேளாண்மையையே நம்பியிருந்த ஏழைச் சிற்றூர். அவ்வூரார்க்குப் புதிய பிழைப்பு வேண்டும் என்னும் நோக்கத்துடன் மணிக்கூட்டுத் தொழில் அங்கே புகுத்தப்பட்டது. 1856 ஆம் ஆண்டில் இருவர் கூடி அங்கே எபோசுத் தொழிற்சாலையொன்றை நிறுவினர். ஒருவர் யோசேப்பு ஜிரார் என்னும் மருத்துவர். மற்றவர் ஊர்ஸ் ஷில்ட் என்னும் இளம் பள்ளி ஆசிரியர். மணிக்கூட்டுத் தொழிலில் வழிவழி வந்தோரல்லர் இவ்விருவரும். தம் ஊரவரின் வறுமையைக் கண்டு தொழிலைத் தேடியவர் என்பதே இவர்தம் சிறப்பு.

இருபது ஆண்டுகளின் பின்னர், 1876 இல், இத்தொழிற்சாலை முழு மணிக்கூடுகளையும் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சி சுவிற்சர்லாந்தினரைத் திடுக்கிடச் செய்தது. வால்தம் கம்பனியார் தன்னியக்கக் கருவிகளாற் செய்த மணிக்கூட்டு உறுப்புகளை ஆங்கே காட்சிக்கு வைத்தனர். ஒரு பொறியின் திருகாணி மற்றொரு பொறிக்கும் அப்படியே பொருந்தியது. அதனை நேரிற் கண்ட லோன்ஜீன் தொழிற்சாலையின் ஜாக் டேவிட் என்னும் பொறியியலாளர், தம் நாட்டவர் உடனே கருவித் தொழிலுக்கு மாறாவிடில் அழிவு உறுதி என விரிவான அறிக்கையொன்று எழுதினார். அவ்வறிக்கையின் போக்கிலேயே சுவிற்சர்லாந்தின் தொழில் பின்னர் மாறியது. கிரென்சன் நகரும் அம்மாற்றத்தை ஏற்ற இடங்களுள் ஒன்று.

ஊர்ஸ் ஷில்ட் 1888 இல் மறைந்தார். அவர் தம்பி அடோல்ப் ஷில்ட் 1896 இல் தம் பெயரால் வேறொரு எபோசுத் தொழிற்சாலையை அதே நகரில் தொடங்கினார். காலப்போக்கில் அது உலகின் மிகப் பெரிய எபோசுத் தொழிற்சாலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. தமையன் நிறுவிய தொழிற்சாலையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'எற்றேணா' என்னும் பெயரைப் பெற்றது. இவ்வாறு ஒரு குடும்பத்தின் இரு கிளைகள் ஒரே நகரில் இரு பெருந்தொழிற்சாலைகளாயின.

முதலாம் உலகப் போரின் பின்னர் இத்தொழிலுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. போட்டியால் விலைகள் வீழ்ந்தன. முழு மணிக்கூட்டுக்குப் பிறநாடுகள் உயர்ந்த சுங்கவரி விதித்தமையால், சிலர் பொறிகளைக் கோக்காமல் உறுப்புகளாகவே பிறநாட்டுக்கு அனுப்பி, ஆங்கே கோத்து விற்கச் செய்தனர். இவ்வழியில் வரி குறைந்தது. ஆயின் தொழிலறிவும் உறுப்புகளோடு கூடவே நாட்டை விட்டு நீங்கியது. கோக்கும் வேலையை இன்று கற்ற பிறநாட்டார், நாளை உறுப்புகளையும் தாமே செய்யத் தொடங்குவர் என்னும் அச்சம் எழுந்தது. இந்நிலையைத் தடுப்பதற்கு ஒரே வழி, எபோசு செய்வோர் அனைவரும் ஒன்றுகூடி, விலையையும் விற்பனையையும் ஒழுங்கு செய்தலே எனப் பலரும் உணர்ந்தனர்.

அதன் பயனாக 1926 இல் 'எபோசு' என்னும் பெயராலேயே கூட்டு நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. அடோல்ப் ஷில்ட் நிறுவனம், பொந்தேன்மெலோன் நிறுவனம், கிரென்சனில் இருந்த மிஷெல் நிறுவனம் ஆகிய மூன்றும் அதன் முதல் உறுப்புகள். உலகப் பொருளாதார மந்தம் வந்துற்றபோது, சமஷ்டி அரசாங்கமும் வங்கிகளும் பங்குகொண்டு 1931 இல் 'அசுவாக்' என்னும் மேல் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. எபோசு செய்வோரும், மயிர்ச்சுருளும் சமநிலைச் சில்லும் செய்வோரும் அதன் ஆட்சிக்குள் வந்தனர்.

எற்றேணாவும் இதிற் சேரவேண்டி வந்தது. ஆயின் அது பொறியும் செய்தது, தன் பெயரில் மணிக்கூடும் விற்றது. ஆகையால் 1932 இல் அந்நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மணிக்கூடு செய்து விற்கும் பகுதி எற்றேணா என்னும் பழைய பெயரோடு நின்றது. பொறி செய்யும் பகுதி 'எற்றா' என்னும் புதுப்பெயர் பூண்டு எபோசுக் கூட்டு நிறுவனத்துட் புகுந்தது. முகம் ஒரு பெயருக்கும் அகம் மற்றொரு பெயருக்கும் உரியதாயின செய்தி இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காணக்கிடையாது.

1934 முதல் அரசாங்கச் சட்டங்களும் இவ்வமைப்புக்குத் துணைநின்றன. எபோசையும் உறுப்புகளையும் ஏற்றுமதி செய்வதற்கு உத்தரவு பெறவேண்டியிருந்தது. யூனிற்றாஸ், பெசோ, வல்ஜூ, வீனஸ், பெல்சா முதலிய பல பொறித் தொழிற்சாலைகள் காலத்துக்குக் காலம் எபோசுக் கூட்டில் இணைந்தன. போட்டியால் ஒருவரையொருவர் அழித்தல் இவ்வாறு நின்றது. வேலை நிலைத்தது, விலை நிலைத்தது, தொழிலறிவும் நாட்டுள்ளேயே நின்றது. சிறு முதலுடையார் ஒருவர் பொறித் தொழிற்சாலை நிறுவும் செலவின்றியே நல்ல பொறி பெற்று மணிக்கூடு செய்து வாழவும் முடிந்தது. இவையெல்லாம் ஒன்றுகூடியதன் நன்மைகள்.

தொழில்நுட்பமும் இக்காலத்திற் குன்றியதன்று. கை அசைவினாலே தானே வில்லை முறுக்கிக்கொள்ளும் மணிக்கூட்டில், பாதி வட்டமான சுழலி ஒன்று உள்ளே சுழலும். அதன் அச்சு விரைவில் தேய்தல் பெருங்குறையாயிருந்தது. 1948 இல் எற்றேணா நிறுவனம் அச்சுழலியைச் சிறு உருக்குக் குண்டுகள் ஐந்தின்மேற் சுழலுமாறு அமைத்தது. உராய்வு மிகக் குறைந்தது; சிறு அசைவும் வில்லை முறுக்கப் போதியதாயிற்று. அவ்வைந்து குண்டுகளே பின்னர் எற்றேணாவின் இலச்சினையாயின. குண்டுகளின்மேற் சுழலும் சுழலி எற்றாவின் பொறிகளிலும் இடம்பெற்று, அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

ஆயினும் பாதுகாப்பு நீடித்த இடத்தில் அயர்வும் நுழைந்தது. கூட்டினுட் சேர்ந்த தொழிற்சாலைகள் தத்தம் பெயரையும் தத்தம் பொறி வகைகளையும் விடாது பேணின. ஒரே அளவான, ஒரே பயனுடைய பொறிகளைப் பல தொழிற்சாலைகள் வெவ்வேறாகச் செய்தன. பெயரளவில் ஒன்றாயிருந்த நிறுவனம் செயலளவிற் பலவாகவே இருந்தது. நற்காலத்தில் இக்குறை புலப்படவில்லை.

1969 டிசம்பர் 25 இல் யப்பானின் செய்கோ நிறுவனம் 'அஸ்ற்ரோன்' என்னும் குவாட்சு மணிக்கூட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது. குவாட்சுப் பளிங்கில் மின்னோட்டம் செலுத்தும்போது அது மாறாத வேகத்தில் அதிரும். இன்று வழக்கிலுள்ள குவாட்சு மணிக்கூடுகளில் அவ்வதிர்வு நொடிக்கு 32,768. நொடிக்கு எட்டு முறை அசையும் சில்லு இதற்கு ஈடாக மாட்டாது. சுவிற்சர்லாந்தினர் இதனை அறியாதிருந்தனர் எனக் கூறுதல் பிழையாகும். நூசாத்தெல்லில் 1962 இல் நிறுவப்பட்ட ஆய்வுநிலையமொன்று 1967 ஆம் ஆண்டளவிலேயே குவாட்சுக் கைமணிக்கூட்டின் மாதிரிகளை ஆக்கியிருந்தது. அவ்வாய்விலிருந்து பிறந்த பொறி 1970 இற் காட்சிக்கு வந்தது. அறிவு இருந்தது; அதனை மலிவான பெருந்தொகைப் பொருளாக்கும் ஒழுங்கமைப்பே இல்லாதிருந்தது.

அத்துடன் வேறு இடர்களும் சேர்ந்தன. 1970களில் நாணயமாற்று முறை குலைந்து சுவிற்சர்லாந்தின் பிராங்கு மதிப்பு உயர்ந்தமையால் அதன் பொருள்கள் வெளிநாடுகளில் விலையேறின. எண்ணெய் நெருக்கடி வாங்குவோரைக் குறைத்தது. 1970 இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலையளித்த மணிக்கூட்டுத் தொழில், 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 30,000 பேருக்கே வேலையளித்தது. மூன்றில் இரண்டு பங்கினர் வேலையிழந்தனர் என்பதே இதன் பொருள். ஒரே தொழிலை நம்பியிருந்த யூரா நகரங்களில் இஃது எத்தகைய துயரை விளைத்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. ஜூ பள்ளத்தாக்கிலிருந்த வல்ஜூ தொழிற்சாலையில் எட்மொண்ட் காப்ட் என்னும் இளைஞர் தலைமையில், ஓட்ட நேரத்தை அளக்கும் தானியங்கிப் பொறியொன்று வகுக்கப்பட்டு 1974 இல் வெளிவந்தது. அதன் இலக்கம் 7750. செய்வதற்கு அரிதான தூண்சில்லுக்குப் பதிலாக எளிதில் அச்சிட்டு வெட்டக்கூடிய தகட்டு உறுப்பைக் கொண்டமை அதன் சிறப்பு. ஆயின் நெருக்கடி முற்றவே அதன் ஆக்கம் விரைவில் நிறுத்தப்பட்டது. அதற்குரிய அச்சுகளையும் கருவிகளையும் அழித்துவிடுமாறு பணிப்புரை வந்ததாகவும், தொழிலாளர் அதற்கு இணங்காது அவற்றைக் காத்து வைத்ததாகவும் கூறப்படுகின்றது. எவ்வாறாயினும் அக்கருவிகள் எஞ்சின. 1980களில் அப்பொறி மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்றுவரை ஓட்ட நேரம் அளக்கும் மணிக்கூடுகள் மிகப் பலவற்றின் அகமாக அதுவே விளங்குகின்றது. கருவி அழிந்தால் அதனை மீண்டும் செய்துகொள்ளலாம் என எண்ணுதல் எளிது. அதனைச் செய்யும் கைகளும் கலைந்துவிடின் அவ்வெண்ணம் நிறைவேறாது.

நெருக்கடிக்கு நிறுவனம் கண்ட மாற்று இரண்டு. ஒன்று, பெயரளவான கூட்டை உண்மையான ஒருமையாக்கியமை. அடோல்ப் ஷில்ட் நிறுவனம் 1970களின் இறுதியில் எற்றாவோடு இணைக்கப்பட்டது. தமையனும் தம்பியும் நிறுவிய இரு தொழில்களும் இவ்வாறு மீண்டும் ஒன்றாயின. 1980களில் எபோசுக் கூட்டின் ஏனைய தொழிற்சாலைகளும் எற்றா என்னும் ஒரே பெயருள் அடங்கின. 1793 இல் தோன்றிய பொந்தேன்மெலோன் நிறுவனமும் அதன் ஒரு பிரிவாயிற்று. பல வகைப் பொறிகள் கைவிடப்பட்டுச் சிலவே பெருந்தொகையாகச் செய்யப்பட்டன.

மற்றொன்று, மணிக்கூட்டின் அமைப்பையே புதிதாகச் சிந்தித்தமை. எற்றாவின் தலைவராயிருந்த ஏர்ன்ஸ்ட் தொம்கே காலத்தில், 1979 இல், 'டெலிரியம்' என்னும் குவாட்சு மணிக்கூடு ஆக்கப்பட்டது. அதன் மொத்தத் தடிப்பு 1.98 மில்லிமீற்றர். கூட்டின் பின்தகட்டையே பொறியின் அடித்தகடாக்கி அம்மெல்லிய அளவு எய்தப்பட்டது. அக்கருத்தையே மலிவான பொருளுக்குப் பயன்படுத்தினர் எல்மார் மொக், ஜாக் முல்லர் என்னும் பொறியியலாளர் இருவர். வழக்கமாக 90க்கு மேற்பட்ட உறுப்புகள் வேண்டிய இடத்தில் 51 உறுப்புகளே கொண்ட பிளாத்திக்கு மணிக்கூட்டை அவர் வகுத்தனர். 1983 மார்ச்சு 1 ஆந் திகதி சூரிச்சு நகரில் அது 'சுவாட்ச்' என்னும் பெயருடன் வெளிவந்தது. அதே ஆண்டில், வங்கிகளின் வேண்டுகோளின்படி ஆலோசகர் நிக்கொலாஸ் ஹையெக் வகுத்த திட்டத்தால், அசுவாக் நிறுவனமும், ஒமேகா, திசோ ஆகிய பெயர்களுக்குரிய மற்றொரு பெருநிறுவனமும் ஒன்றாயின. அவ்விணைப்பே 1998 முதல் 'சுவாட்ச் குழுமம்' என வழங்குகின்றது. எற்றா அதன் பொறித் தொழிற்சாலையாயிற்று.

1980களின் இறுதியிலிருந்து பொறி மணிக்கூட்டுக்குப் புதுவாழ்வு வந்தது. நேரம் அறிதற்கு இன்றியமையாதது என்னும் நிலை நீங்கி, கைவினையின் அழகுக்காக விரும்பப்படும் பொருளாக அது மாறியது. அவ்விருப்பத்தை நிறைவுசெய்யும் ஆற்றல் எற்றாவிடமே மிகுதியாக எஞ்சியிருந்தது. அதன் 2824-2 என்னும் தானியங்கிப் பொறி 25.6 மில்லிமீற்றர் விட்டமும் 4.6 மில்லிமீற்றர் தடிப்பும் 25 கற்களும் கொண்டது. அதனினும் மெல்லிய 2892 என்னும் பொறி 3.6 மில்லிமீற்றர் தடிப்பினது. இவற்றோடு 7750 உம் சேர்ந்து, எண்ணிறந்த நிறுவனங்களின் மணிக்கூடுகளுள் இடம்பெற்றன. ஒரே பொறி பல தரங்களில் விற்கப்பட்டது. உயர்ந்த தரத்துக்குச் சிறந்த மயிர்ச்சுருளும் நுணுக்கமான சீர்செய்தலும் கிடைத்தன. வாங்கியோருட் சிலர் அதன்மேல் அரிய வேலைப்பாடும் செய்தனர். 1985 இல் ஐ. டபிள்யூ. சி. நிறுவனம் வெளியிட்ட நிலைநாட்காட்டி மணிக்கூடு 7750 ஐ அடிப்படையாகக் கொண்டே ஆக்கப்பட்டது. மற்றுஞ் சிலரோ பொறியை உள்ளபடியே வைத்து, முகப்பிலுள்ள பெயருக்கே விலை பெற்றனர்.

இந்நிலையில் 2002 ஆம் ஆண்டு சுவாட்ச் குழுமம், வெளியார்க்கு எபோசு வழங்குதலைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. கருவிக்கும் ஆய்வுக்கும் முதலிடும் சுமை தம்முடையதாக, பிறர் அச்செலவின்றி விளம்பரத்துக்கே பொருளை இறைக்கின்றனர் என்பது ஹையெக்கின் முறைப்பாடு. அதிலும் நியாயம் உண்டு. ஆயின் வாங்கியோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பொறித் தொழிற்சாலைகள் அனைத்தும் ஓரிடத்திற் குவிந்தமை அவர் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. தொழிலைக் காக்கவென அரசும் வங்கியும் தலையிட்டதனால் நிகழ்ந்தது. பலர் வாழ்வதற்காகக் கட்டிய கிணற்றை ஒருவர் திடீரென மூடலாமோ என்பதே அவர்தம் வினா.

சுவிற்சர்லாந்தின் போட்டி ஆணைக்குழு இவ்வழக்கை ஆராய்ந்தது. 2004 இல் எபோசு வழங்குதல் 2010 இறுதிவரை தொடரவேண்டும் என முடிவாயிற்று. முழுப்பொறிகள் பற்றி 2013 இல் மற்றோர் இணக்கம் ஏற்பட்டது. அதன்படி, முன்னர் வழங்கிய சராசரித் தொகையில் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் 75 வீதமும், அடுத்த ஈராண்டில் 65 வீதமும், 2018, 2019 இல் 55 வீதமும் வழங்கவேண்டும். 2020 இல் ஆணைக்குழு எற்றாவின்மீது விதித்த கட்டுப்பாட்டை நீடிக்காது விடுத்தது. யாருக்கு வழங்குவது, எவ்வளவு வழங்குவது என்பன அதன்பின் நிறுவனத்தின் விருப்பமாயின.

இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த மாற்றம் உற்றுநோக்கற்பாலது. லா ஷோ-த-போன் நகரில் 1950 இல் தொடங்கிய 'செலிற்றா' என்னும் நிறுவனம் நெடுங்காலம் எற்றாவின் உறுப்புகளைப் பெற்றுக் கோத்துக்கொடுக்கும் வேலையே செய்தது. வழங்கல் நிற்கப்போவதை அறிந்ததும், உரிமைக்காலம் கடந்த 2824 இன் அமைப்பைத் தழுவி, எஸ்டபிள்யூ 200 என்னும் தன் பொறியைத் தானே செய்யத் தொடங்கியது. அதன் கற்கள் 26. இன்று பலருக்கும் பொறி வழங்கும் பெருநிறுவனங்களுள் அதுவும் ஒன்று. டியூடர் முதலிய சிலர் தமக்கென வேறு பொறிகளை வகுத்துக்கொண்டனர். ஒருவர் மறுத்ததால் பலர் கற்றுக்கொண்டனர் எனலாம். ஆயினும் கற்பதற்குப் பல ஆண்டும் பெருமுதலும் வேண்டியிருந்தன என்பதையும், அக்காலத்தை ஆணைக்குழுவின் இடையீடே அவர்க்குப் பெற்றுக்கொடுத்தது என்பதையும் மறத்தல் ஆகாது. மயிர்ச்சுருளைப் பொறுத்தவரை நிலை இன்னும் இறுக்கமானது. றைன்ஹார்ட் ஸ்ட்றௌமன் கண்ட கலப்புலோகத்தால் 1930கள் முதல் அதனைச் செய்துவரும் நிவரொக்ஸ் நிறுவனமும் அதே குழுமத்தைச் சேர்ந்தது. உறுப்பு எவ்வளவு சிறிதோ, அதனைச் செய்வோர் தொகையும் அவ்வளவு சிறிது.

எற்றாவின் அண்மைக்கால ஆக்கங்களுள் ஒன்று 2013 இல் அறிமுகமான 'சிஸ்டம் 51'. 1983 இன் பிளாத்திக்கு மணிக்கூட்டைப் போலவே 51 உறுப்புகள் கொண்டதாயினும், இது மின்கலமின்றி இயங்கும் தானியங்கிப் பொறி. நடுவிலுள்ள ஒரே திருகாணி உறுப்புகளைப் பிணைக்கின்றது. கோக்கும் வேலை முழுவதும் இயந்திரங்களாலேயே நடைபெறுகின்றது. சாளரத்தருகே அமர்ந்து திருகாணி செய்த குடியானவரிடமிருந்து இத்தொழில் எத்துணைத் தூரம் வந்துவிட்டது என்பதை இப்பொறி காட்டும். அது பழுதுற்றாற் பிரித்துத் திருத்துவதற்கென ஆக்கப்பட்டதன்று. 2824 ஐயோ, அதன் உறுப்புகள் கிடைக்குமாயின், உலகின் எந்த மூலையிலுள்ள திருத்துநரும் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு மீண்டும் ஓடச்செய்தல் கூடும். இரண்டும் ஒரே தொழிற்சாலையின் மக்கள். முன்னது திருத்துநரை வேண்டாதது, பின்னது அவரை நம்பி ஆக்கப்பட்டது.

இவ்வரலாற்றால் அறியப்படுவது யாது? ஒன்றுகூடியமையே இத்தொழிலை 1930களிலும் 1980களிலும் அழிவினின்று காத்தது. அதே ஒன்றுகூடலே பலரைத் தம் தொழிலின் உயிர்நிலையைப் பிறரிடம் விட்டுவைக்கச் செய்தது. வாங்கிக்கொள்ளுதல் இழிவன்று, எல்லாவற்றையும் எல்லாரும் செய்தல் இயலாது. ஆயினும், வாங்கும் பொருளைச் செய்யும் அறிவையே முற்றாக மறந்துவிடுதல், கொடுப்போர் கை மூடும் நாளில் துன்பமாய் முடியும். கொடுப்போருக்கும் ஒரு கடமை உண்டு. பொதுநலத்தின் பெயரால் ஒருவரிடம் குவிந்த ஆற்றலை அவர் தமக்கே உரிய தனியுடைமையென மட்டும் கருதலாகாது.

கிரென்சனின் மருத்துவரும் ஆசிரியரும் 1856 இல் தொழில் தொடங்கியபோது தேடியது முகப்பிற் பொறிக்கும் பெயரையன்று. தம் ஊரவர் கைகளுக்கு வேலையையே. அவ்வேலையின் பயன் இன்றும் பலர் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றது. பின்மூடியைத் திறந்து நோக்குவோர்க்கு மட்டுமே அது புலனாகும்.